சோம்பேறி குழி தோண்டுவானா?

சபையாருக்கு ஸ்தோத்திரம். நடுவர் ஐயாவுக்கும் ஐயரவர்களுக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். பந்தலுக்குப் பின்னால் நாளைய அசன விருந்துக்கு இப்போதே வெங்காயம் உரிக்கிறார்கள், என் கண் கலங்கினால் அதுதான் காரணம். வாழ்த்துரை இத்துடன் முடிந்தது.

தலைப்பு உங்களுக்கே தெரியும். நல்ல காரியத்தை விசுவாசி ‘நாளைக்கு’ என்று தள்ளிப்போடுவது சோம்பலாலா, பயத்தாலா? நான் பயம் அணி. கொள்கைப் பிடிப்பு என்று நினைக்காதீர்கள். ஃபோனில் கூப்பிட்டபோது எந்த அணியில் இடம் காலி என்று கேட்டேன், பயம் என்றார்கள், சரி என்றேன்.

இப்போது எனக்கு முன்னால் பேசிய அக்கா ஒரு குண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "பயம் அணிக்காரர் மேடைக்கே இருபது நிமிடம் பிந்தி வந்தார். பயத்திலா வந்தார்? தூக்கத்தில் வந்தார்!" நீங்களும் கை தட்டினீர்கள். என் மனைவியும் தட்டினாள், பார்த்தேன்.

அக்கா, நடந்ததைச் சொல்கிறேன். நான் ஆறு மணிக்கே வந்துவிட்டேன். ஆலய கேட்டுக்கு எதிரே டீக்கடை இருக்கிறதே, அங்கேதான் இருந்தேன். கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எதிரணியில் உங்கள் பெயர். ஒரு டீ சொன்னேன். உள்ளே மைக் டெஸ்டிங் கேட்டது, எழுந்தேன், கால் வரவில்லை, இன்னொரு டீ. ஆரம்ப ஜெபம் நடந்தது, ஜெப நேரத்தில் உள்ளே நுழையக் கூடாது என்று ஒரு வசதியான பக்தி வந்தது, மூன்றாவது டீ. கடைக்காரர் கேட்டார், "அண்ணாச்சி, உள்ளே கூட்டமா, உங்களுக்கு ஆபரேஷனா?"

நடுவர் ஐயா, இதைத்தான் நான் சாட்சியாக வைக்கிறேன். சோம்பேறி வீட்டில் கிடப்பான். வாசல் வரைக்கும் வந்து மூன்று டீ குடிக்கிறவன் பயந்தவன்! நான் பிந்தி வந்ததைச் சொல்லி அக்கா என் கட்சியைத்தான் நிரூபித்திருக்கிறார்கள். அந்த மூன்று டீக்கும் காசு இன்னும் கொடுக்கவில்லை, அதையும் அக்கா கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

சோம்பேறி என்றால் எல்லாவற்றிலும் சோம்பேறியாக இருக்க வேண்டாமா? நாளைக்கு அசனத்துக்கு யாராவது "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறோமா? வாளியோடு வருகிறோம். அதே ஆள் குடும்ப ஜெபம் என்றால் "நாளையிலிருந்து" என்கிறான். கால் அதே கால்தான். சோற்றுக்கு ஓடுகிற கால் ஜெபத்துக்கு ஏன் மடங்கவில்லை? பிள்ளைகள் முன்னால் முழங்கால் போட்டால், காலையில் போட்ட சண்டையை அவை நினைத்துப் பார்க்குமே என்ற பயம்!

‘சோம்பேறியே, எறும்பினிடத்தில் போ’ என்று அக்கா நீதிமொழிகளின் எறும்பைக் காட்டினார்கள். எறும்பு கோடைகாலத்தில் எதற்குச் சேர்க்கிறது? மழைக்குப் பயந்துதானே. எறும்பு எங்கள் கட்சி.

அப்புறம் ஒரு தாலந்துக்காரன், இயேசு சொன்ன உவமையில் எஜமான் கொடுத்த பணத்தை வியாபாரம் செய்யாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தவன். எஜமான் அவனை ‘பொல்லாதவனும் சோம்பனுமான ஊழியக்காரனே’ என்றாராம். உண்மைதான், மத்தேயு 25-இல் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தை அக்கா ஏன் முழுங்கினார்கள்? ‘நான் பயந்து, போய், உமது தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்தேன்.’ ஒரு தாலந்து என்றால் 6000 தினாரி. ஒரு தினாரி ஒரு நாள் கூலி, அப்படியானால் கூலிக்காரனுக்கு ஏறத்தாழ 20 வருடச் சம்பளம். வெள்ளியில் எடை 20 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குழி வெட்டியிருக்கிறான் ஐயா! சோம்பேறி குழி தோண்டுவானா? கட்டிலுக்குக் கீழே தள்ளியிருப்பான்.

இனி பார்வோன். யாத்திராகமம் எட்டாம் அதிகாரம். இஸ்ரவேலரைப் போகவிடாத ராஜாவுக்குத் தேவன் அனுப்பிய வாதை, எகிப்து முழுக்கத் தவளை. படுக்கை அறையில், மஞ்சத்தில், அடுப்பில், மாப் பிசைகிற தொட்டியில். ராஜா தலையணையை எடுக்கிறான், க்ராக். செருப்பில் கால் விடுகிறான், க்ராக். ராணி அப்பத்துக்கு மாவு பிசைகிறாள், மாவு தானாகக் குதிக்கிறது. மோசேயைக் கூப்பிட்டு, போகச் சொல்லுமய்யா என்கிறான். மோசே கேட்கிறார், இவை ஒழிந்துபோக நான் எப்போது ஜெபிக்கட்டும்?

பின்னால் நிற்கிற தம்பிமார் கேட்கவில்லை என்கிறார்கள், மறுபடி சொல்கிறேன். தலையணையில் தவளை. செருப்பில் தவளை. மாவில் தவளை. எப்போது போகட்டும் என்று கேட்டதற்கு ராஜா சொன்ன பதில்: "நாளைக்கு."

அன்று ராத்திரி அரண்மனையில் என்ன நடந்திருக்கும்! ராணி கேட்டிருப்பாள், "என்னங்க, மோசே வந்தாராமே, எப்போது போகுமாம்?" "நாளைக்கு." "அவரா சொன்னார்?" "இல்லை... நான்தான் சொன்னேன்." இந்த இடத்தில் க்ராக் என்றது தவளையா ராணியா என்று வேதத்தில் எழுதவில்லை.

இப்போது அக்கா பதில் சொல்லட்டும். ‘இன்றைக்கு’ என்று சொல்ல ஆகிற சிரமமும் ‘நாளைக்கு’ என்று சொல்ல ஆகிற சிரமமும் ஒன்றுதானே? இதில் சோம்பல் எங்கே வருகிறது? தவளை இன்றைக்கே போய்விட்டால் மோசேயின் தேவனே தேவன் என்று இன்றைக்கே ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பயம். அந்தப் பயத்துக்குத் தவளையோடு படுத்துக்கொள்ளலாம்!

பவுலின் பேச்சைக் கேட்ட ரோம தேசாதிபதி பேலிக்ஸைப் பற்றி நான் வாதாடவே வேண்டாம். அப்போஸ்தலர் 24: ‘பேலிக்ஸ் பயமடைந்து: இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன் என்றான்.’ இரண்டு வருஷம் பவுல் காவலில் கிடந்தார், அப்புறம் பேலிக்ஸுக்கே மாற்றல் வந்துவிட்டது. கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி, கிறிஸ்தவர்களுக்கு விடுதலை கொடுத்தவர், தாம் ஞானஸ்நானம் எடுத்தது 337-இல், மரணப்படுக்கையில். ராஜ்யம் ஆண்டு, படை நடத்தி, ஒரு நகரத்தையே கட்டியவரைச் சோம்பேறி என்பீர்களா?

ஒன்றே ஒன்று விட்டுக்கொடுக்கிறேன். வேதத்தை நாளுக்கு 3 அதிகாரம், ஞாயிறு 5 என்று ஜனவரி ஒன்றாம் தேதி ஆரம்பித்தால் நாலு வாரத்தில் ஆதியாகமமும் யாத்திராகமமும் முடிந்துவிடும். அதற்கு அடுத்தது லேவியராகமம், பலிகளும் சட்டங்களுமாக. அங்கே நின்றுபோவது சோம்பல்தான். அந்த மார்க்கை அக்காவுக்கே போட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்லி உட்காருகிறேன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கிணற்றில் பம்புசெட் முறை வைத்ததில் பேச்சு முறிந்தது. ஒரே சபை. பெரியப்பா திருவிருந்துக்கு எழுந்தால் அப்பா உட்கார்ந்துவிடுவார், கடைசி ஆட்களோடுதான் போவார். ஓய்வுநாள் பாடசாலையில் எங்களுக்கு, ‘காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் உன் சகோதரனோடே ஒப்புரவாகு’ என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். கேட்டால், "கிறிஸ்துமஸ் வரட்டும்டா" என்பார். கிறிஸ்துமஸ் போனால், "ஈஸ்டர் வரட்டும்டா."

ஓர் ஆகஸ்ட் மாதம் பெரியப்பா போய்விட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் அலமாரியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒரு புது வேட்டியை எடுத்தார். அதற்குக் கீழே இன்னும் எட்டு இருந்தது. ஒன்பதிலும் லேபிள் கிழிக்கவில்லை. டிசம்பர்தோறும் பஸ் ஏறி டவுனுக்குப் போய் அண்ணனுக்கென்று எடுத்திருக்கிறார். அக்கா, சோம்பேறி ஒன்பது தடவை டவுனுக்குப் போவானா? "திருப்பி எறிந்துவிட்டால் என்ன செய்வேன்?" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாராம்.

மேலே இருந்த அந்த ஒன்றைப் பெட்டிக்குள் பெரியப்பா மேல் விரித்தார். லேபிளை அப்போதுதான் கிழித்தார், கை நடுங்கி ஓரம் கொஞ்சம் ஒட்டியே இருந்தது.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ், விடியற்காலை ஆராதனை. பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்த வேட்டியைக் கட்டியிருந்தார். இஸ்திரி போட்டும் மடிப்பு போகவில்லை, மடிப்பிலெல்லாம் மஞ்சள் கோடு. அப்பா அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டுக்கு எழுந்தோம். அப்பா கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அண்ணன் பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கமாக நகர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் ஐயா. ஏழு வேட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. வணக்கம்.