கடுகும் தாமிரபரணியும்

மேடைல இருக்க தலைவர் அய்யா, கல்லூரி முதல்வர் அம்மா, காலைல இருந்து நாற்காலி சுமந்த தம்பிமாரு, முன்வரிசைல மருந்துக்கடை அண்ணாச்சிமாரு, எல்லாருக்கும் வணக்கம். அண்ணாச்சிமார ஏன் தனியா சொல்லுதேன்னு பின்னால தெரியும்.

மூணு விஷயம் பேசப்போறேன்: நானோ குழாய், தண்ணில கெடக்க மருந்தப் பிரிக்கிறது, ரத்தப் பரிசோதனைல இதோட உபயோகம்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதும்பாக. 1991ல ஜப்பான்ல சுமியோ இஜிமா கார்பன் நானோ குழாய, அதாவது தலமுடியவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசான கரிக்குழாயப் பத்தி எழுதினப்புறம்தான் உலகமே அதத் திரும்பிப் பாத்துச்சு. ஆத்துல மருந்து லிட்டருக்கு நானோகிராம், அதாவது கிராம்ல நூறு கோடில ஒரு பங்கு கணக்குலதான் இருக்கும், நேரா மெஷின்ல விட்டா சிக்காது. அதனால சேமியா கணக்கா மெல்லிசா ஒரு பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் குழாய், உள்விட்டம் 0.6 மில்லிமீட்டர்தான், அதோட சுவர்த் துளைல ஆக்டனால்ங்கற எண்ணெய் மாதிரித் திரவத்த ஊறவச்சு தண்ணில போடுதாங்க. மூட்டுவலி மருந்து டைக்ளோஃபெனாக்னு வச்சுக்கிடுங்க, தண்ணில ஆசிட் சேத்தா மருந்து ஆக்டனாலுக்குள்ள ஏறிரும், குழாய்க்கு உள்ள ஆசிடுக்கு நேரெதிரான ஆல்கலி, அங்க போனா மின்சுமை ஏறி அயனியாயிரும், திரும்பி வராது. அந்தத் துளைல நானோ குழாயும் இருந்தா மருந்துல இருக்க பென்சீன் வளையம், அதாவது ஆறு கார்பன் சேந்த வளையம், அந்த நானோ குழாய்ல ஒட்டும், இன்னும் நெறைய சிக்கும். அளவு மிஞ்சினா கட்டிதட்டி துளைய அடச்சிரும், அதையும் சொல்லிரணும்லா.

எங்க மாமா தவறினப்போ அத்தை பாபநாசத்துக்குக் கெளம்பினாக. செத்தவுக துணிய ஆத்துல விடணும்னு ஒரு மூட்டை, கூட ஒரு பிஸ்கட் டப்பா. தொறந்து பாத்தா மாமாவோட மாத்திரை பூராவும்! சுகருக்கு, பிரஷருக்கு, மூட்டுவலிக்கு, பாதி கிழிஞ்ச அட்டை, அதுல ரப்பர் பேண்டு வேற. "அத்தை, இத ஆத்துல போடாதீக, மீனு திங்கும்"னேன். அவுக டப்பாவ இடுப்புல இடுக்கிக்கிட்டு, "ஏல, மீனுக்கு மட்டும் மூட்டுவலி வராதால?"ன்னாக. படித்துறைல நின்ன அம்புட்டு பேரும் சிரிச்சுட்டாங்க, நானும் சிரிச்சேன், ஆனா டப்பாவ விடல.

மாட்டுக்குப் போட்ட இதே டைக்ளோஃபெனாக்தான், செத்த மாட்டத் தின்ன கழுகுகளோட கிட்னிய அழிச்சிச்சு. 2006லதான் மாட்டுக்கு அத நிறுத்தினாங்க. கடுகு சிறுத்தாலும்... மிச்சத்த நீங்களே சொல்லுங்க.

ரத்தப் பரிசோதனைக்கு நேரமில்ல, தலைவர் அய்யா வாட்சப் பாக்காக. அண்ணாச்சிமாரே, கடைக்கு ஒரு பெட்டி வைங்க, பழைய மாத்திரைய சனங்க அதுல போடட்டும், ஆஸ்பத்திரிக் கழிவோட அனுப்ப கலெக்டர்ட்ட மனு ரெடியா இருக்கு. நோட்டு வாசல்ல டீ கேன் பக்கத்துல, கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிங்க.