பூட்டிய கூடத்தைத் திறக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம். கொரோனா போன்ற பெருந்தொற்றால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வழிபாட்டுக் கூடத்தைத் திறக்கப் போகிறோம் என்றதும் நிர்வாகிகள் முதலில் தேடுவது மருந்து தெளிக்கும் பம்பைத்தான். வாசலில் நிறுத்தி ஆள்மேலேயே அடித்தவர்களும் உண்டு. மனிதர்மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. கண் எரியும், மூச்சு முட்டும். ஆனால் தொற்றுள்ளவர் மூச்சில் வெளிவரும் கிருமி நிற்காது. அந்தப் பணத்தில் இறுகிப்போன ஜன்னல் கீல்களைச் சரிசெய்யலாம்.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் பாடிப் பழகியது. வந்தவர்கள் 61 பேர். சளித் தொந்தரவோடு வந்தவர் ஒருவர்தான். கடைசியில் 53 பேருக்கு கொரோனா, இரண்டு உயிரிழப்பு. உரக்கப் பாடும்போது வெளிவரும் நுண்துளி புகை மாதிரி மிதக்கும். ஆறடி இடைவெளிக்குக் கட்டுப்படாது. ஆகவே திறந்த முதல் வாரங்களில் வழிபாட்டு நேரத்தைச் சுருக்குங்கள். கூட்டுப் பாடல் இருந்தே ஆகவேண்டும் என்றால் முகக்கவசத்தோடு, தணிந்த குரலில், முடிந்தால் வெளி முற்றத்தில்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு பக்க ஜன்னலில் மின்விசிறியை வெளியே பார்த்தபடி வையுங்கள். எதிர்ப்பக்க ஜன்னலில் ஒரு மெல்லிய காகிதக் கீற்றைத் தொங்கவிட்டால் அது உள்நோக்கி ஆட வேண்டும். ஆடவில்லையென்றால் காற்று வேறு எங்கோ குறுக்கு வழியில் போகிறது. பலரும் செய்கிற தவறு, ஸ்டாண்டு ஃபேனை வரிசையின் ஓரத்தில் வைத்து ஒருவர் மூச்சை அடுத்த பத்துப் பேருக்கு அனுப்புவது. சாதாரண ஸ்பிளிட் ஏசி குளிர்விக்குமே தவிரப் புதுக் காற்றைக் கொண்டுவராது.

மணிக்கு 2 தடவை காற்று மாறும் கூடத்தில், அதாவது கூடம் கொள்ளும் அளவு புதுக் காற்று மணிக்கு இருமுறை வந்து கலக்கும் இடத்தில், மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 138 நிமிடம் ஆகும். 6 தடவை மாறினால் 46 நிமிடம். இரண்டு வழிபாடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

நாம் விடும் மூச்சு உள்ளே எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருந்தால் கூடத்தின் நடுவில், உட்கார்ந்தவர் தலை உயரத்தில் வையுங்கள். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும்; உள்ளே 800 தாண்டினால் ஆட்களைக் குறைக்க வேண்டும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் எண் பொய்யாக ஏறும்.

விளக்கு என்றதும் இன்னொன்று. ஆல்கஹால் சானிடைசர் தடவிய கை முழுதாகக் காயாமல் சுடர் அருகே போகக் கூடாது, தீப்பிடிக்கும். பாட்டிலை வாசலிலேயே வைத்துவிடுங்கள்.

குழாய்களையும் மறக்காதீர்கள். தேங்கிய நீரில், தெறிக்கும் துளியோடு மூச்சில் போனால் நிமோனியா தரும் லீஜியோனெல்லா என்ற கிருமி வளரும். தண்ணீர் தெறிக்காதபடி, பழைய நீர் முழுதும் போகும்வரை ஒவ்வொரு குழாயையும் திறந்துவிடுங்கள்.

சேர்ந்து சாப்பிடுவதைக் கடைசியாகத் தொடங்குங்கள்; கவசம் கழற்றி, முகம் பார்த்துப் பேசும் நேரம் அது.

காய்ச்சல் உள்ளவர்கள் வரவேண்டாம் என்று பலகை வைத்தால் போதாது. வாசிப்பவர், பாடுபவர், கதவு திறப்பவர் என எல்லாப் பொறுப்புக்கும் ஒரு மாற்று ஆளை முன்கூட்டியே குறித்து வையுங்கள். தன்னைவிட்டால் ஆளில்லை என்ற நினைப்பில்தான் பலரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.