ஸ்கோர் எழுதுவது உடற்கல்வி அல்ல

வணக்கம். விளையாட்டு வகுப்பு நடக்கும்போது மைதானத்தின் ஓரத்தில் ஒரு பிள்ளை மட்டும் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு நோட்டு இருக்கும், அல்லது கழுத்தில் ஒரு விசில் தொங்கும். காலில் காலிப்பர் போட்டிருப்பதாலோ சக்கர நாற்காலியில் வந்திருப்பதாலோ அந்தப் பிள்ளைக்கு ஸ்கோர் எழுதும் வேலை கொடுக்கப்பட்டிருக்கும். கொடுத்த ஆசிரியரைக் குறை சொல்வது எளிது; ஆனால் அவர் மனத்தில் பெரும்பாலும் இருப்பது அலட்சியம் அல்ல, "கீழே விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது?" என்ற பயம். கூட்டல் வராத மாணவரைக் கரும்பலகை துடைக்கச் சொல்லிவிட்டுக் கணக்குப் பாடத்தில் தேர்ச்சி பெற்றதாக எழுத மாட்டோம். விளையாட்டு வகுப்பில் மட்டும் அதையே ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறோம்.

இது சலுகை சார்ந்த விஷயமும் அல்ல. ஐக்கிய நாடுகள் சபை 2006-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, பள்ளிக்குள் நடக்கும் விளையாட்டையும் சேர்த்தே பேசுகிறது. உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதும் அதே 60 நிமிடம்தான்.

சரி, எப்படி மாற்றுவது? நான் எந்த விளையாட்டை எடுத்தாலும் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: எதை எடுத்துவிட்டால் இந்த விளையாட்டே இல்லாமல் போய்விடும்? அதைத் தொடாமல், மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம். சக்கர நாற்காலி டென்னிஸைப் பாருங்கள். அதே மைதானம், அதே வலை, அதே மட்டை. பந்து இரண்டு முறை தரையில் படலாம், இரண்டாவது முறை கோட்டுக்கு வெளியே பட்டாலும் சரி என்பதுதான் விதிகளில் உள்ள முக்கியமான மாற்றம். நாற்காலியைத் திருப்பிப் பந்தை நோக்கி வர ஆகும் அந்தச் சில நொடிகளை அந்த ஒரு விதி கொடுத்துவிடுகிறது. எதிராளியை ஏமாற்றும் நுட்பம், கோணம், சர்வீஸ் எதுவும் குறையவில்லை.

வகுப்பறைக்கு இன்னும் நெருக்கமான உதாரணம், 1956-இல் நெதர்லாந்தில் தொடங்கிய அமர்ந்து ஆடும் கைப்பந்து. நின்று ஆடும் கைப்பந்தின் மைதானம் 18-க்கு 9 மீட்டர். இங்கே அது 10-க்கு 6 மீட்டராகச் சுருங்குகிறது. ஆண்களுக்கான வலை 2.43 மீட்டரிலிருந்து 1.15 மீட்டருக்கு இறங்குகிறது. பந்தைத் தொடும்போது இடுப்புப் பகுதி தரையில் பட்டிருக்க வேண்டும். மூன்று தொடுதலும் தடுப்பும் அடியும் அப்படியே இருக்கின்றன. வகுப்பில் இதற்கு வலைகூட வேண்டியதில்லை, இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஒரு கயிறு போதும். ஆனால் எல்லாரும் உட்கார வேண்டும், அதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒருவர் மட்டும் உட்கார்ந்து மற்றவர்கள் நின்றால் அது விளையாட்டு ஆகாது, கருணை ஆகிவிடும். எல்லாரும் தரையில் அமர்ந்த பிறகு, கால்களை நம்பியே ஓடிப் பழகிய பிள்ளைகள் திணறுவார்கள். வீட்டில் கைகளை ஊன்றியே நகர்ந்து பழகிய பிள்ளை அவர்களுக்கு முன்பே பந்தின் கீழ் போய் நிற்பார்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பைனா பைஃபிடா என்னும் தண்டுவடக் குறைபாடோ தண்டுவடக் காயமோ உள்ள பிள்ளைகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு குறைவாக இருக்கலாம். தரையில் தேய்ந்து தோல் உரிந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. தடித்த முழுக்கால் சட்டையும் வழவழப்பான விரிப்பும் வேண்டும். வகுப்பு முடிந்ததும் தோலை வீட்டாரோ உதவியாளரோ பார்த்தாக வேண்டும்.

இப்போது என் கையில் இருப்பதைப் பாருங்கள். தானியம் நிரப்பித் தைத்த சாதாரணத் துணிப்பை, உள்ளங்கை அளவு. கீழே போட்டால் உருளாது, விழுந்த இடத்திலேயே கிடக்கும். விரல்கள் முழுவதும் மடங்காத பிள்ளையின் கையிலும் இது படிந்து நிற்கும். பந்துதான் வேண்டுமென்றால் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள், வேகம் தணியும். ஊன்றுகோலோடு நிற்பவர் தவறவிட்ட பந்தை எடுக்க ஒவ்வொரு முறையும் குனிய முடியாது. பந்தை ஒரு வலைப் பையில் போட்டுக் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைச் சக்கர நாற்காலியிலோ இடுப்புப் பட்டையிலோ கட்டிவிட்டால், அவரே இழுத்து எடுத்துக்கொள்வார். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை என்பது ஒரு பதின்ம வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மெதுவாக மிதக்கும் என்பதற்காகப் பலரும் பலூனைப் பயன்படுத்துகிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் ஸ்பைனா பைஃபிடா உள்ளவர்களிடம் லேடெக்ஸ் ஒவ்வாமை அதிகம் காணப்படுகிறது, வழக்கமான பலூன் லேடெக்ஸால் ஆனது. கடற்கரையில் ஆடும் பிளாஸ்டிக் காற்றுப் பந்து அதே வேலையைச் செய்யும்.

விசிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூளை முடக்குவாதம் உள்ள சில பிள்ளைகளுக்குத் திடீர் சத்தம் கேட்டால் உடல் முழுவதும் தானாகவே விறைத்துக்கொள்ளும். எறியப் போகும் நொடியில் பின்னால் நின்று விசில் ஊதினால் பந்து எங்கோ போகும், நாமோ அதைத் திறமைக் குறைவு என்று எழுதிவைப்போம். கையை உயர்த்திக் காட்டலாம், கொடி அசைக்கலாம்.

எல்லாரையும் ஒரே அளவுகோலில் வைத்து "இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரு முறை" என்று ஊக்குவிப்பது சில பிள்ளைகளுக்கு ஆபத்தானது. டூஷென் வகைத் தசைச்சிதைவு நோயில், களைத்துப்போகும் வரை தசைக்கு வேலை கொடுத்தால் அது வலுப்பெறாது, சேதமடையும். குறிப்பாக மேலிருந்து குதிப்பதும், படியில் திரும்பத் திரும்ப இறங்குவதும், கனமான எடை தூக்குவதும் கூடாது. மறுநாளும் தசை வலி இருந்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எளிதில் முறியும் எலும்புள்ள பிள்ளைக்கு மோதல் இருக்கும் எந்த ஆட்டமும் வேண்டாம். செயற்கைக் கால் அணிந்தவர் வலிக்கிறது என்றால் அன்றைக்கு ஆட்டம் அத்தோடு நிற்க வேண்டும். இவற்றை ஊகித்து முடிவு செய்யாமல், அந்தப் பிள்ளையின் பிசியோதெரபிஸ்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "என்ன செய்யக் கூடாது" என்று மட்டும் கேட்டால் நீண்ட பட்டியல்தான் வரும். "எந்த அசைவு அதிகமாக வேண்டும்" என்று கேட்டால்தான் பாடத்திட்டம் எழுத முடியும்.

கை கால் இரண்டிலும் இயக்கம் மிகக் குறைந்த பிள்ளைகளுக்கு போச்சியா இருக்கிறது. 1984 முதல் பாராலிம்பிக்கில் ஆடப்படும் இந்த விளையாட்டில் வெள்ளைப் பந்துக்கு அருகே தன் நிறப் பந்துகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எறிய முடியாதவர்கள் ஒரு சாய்தளத்திலிருந்து உருட்டலாம், உதவியாளர் அதை நகர்த்திக் கொடுப்பார். எனக்கு மிகவும் பிடித்த விதி இங்கேதான் வருகிறது: அந்த உதவியாளர் மைதானத்துக்கு முதுகு காட்டியபடி இருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. எந்தக் கோணம், எவ்வளவு உயரம் என்ற முடிவு முழுக்க ஆட்டக்காரருடையது. பள்ளியில் உதவிக்கு நிற்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் இந்த விதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கேட்காமல் நாற்காலியைத் தள்ளுவதும், பிள்ளையின் கையைப் பிடித்துத் தாமே எறிந்துவிட்டுக் கைதட்டுவதும் அவர்கள் அடிக்கடி செய்வது.

மதிப்பெண் விஷயத்தில், பக்கத்து மாணவரின் நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். பருவத் தொடக்கத்தில் அவர் நாற்காலியைத் தானே உருட்டிக் கடந்த தூரத்தையோ பத்து எறிதலில் இலக்கில் விழுந்தவற்றையோ எழுதிவைத்து, பருவ முடிவில் அதே அளவைத் திரும்ப எடுங்கள். தசைச்சிதைவு போல நாளுக்கு நாள் கூடும் நோய் உள்ளவர்களுக்கு இந்த முறையும் பொருந்தாது. எண் குறைவது அவர்கள் முயலவில்லை என்பதைக் காட்டாது. அவர்களுக்கு ஆட்ட உத்தியையும் பங்கேற்பையும் மதிப்பிடுங்கள். நீச்சல் தனியாகப் பேச வேண்டிய விஷயம், அதை அடுத்த காணொளியில் பார்ப்போம். உங்கள் வகுப்பில் எந்த விளையாட்டை மாற்ற முடியாமல் தவிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.