செல்லாத பத்திரத்தை எப்படிப் படிப்பது?

(காரைக்குடியில், வரலாறும் அரசியல் அறிவியலும் பயிலும் முதலாண்டு இளங்கலை மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, வணக்கம். வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி மிகை. மீதி என் வயது.

முதலில் ஒரு கணக்கெடுப்பு. இந்தப் பாடம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் கை தூக்குங்கள். ஏழு பேர். பரவாயில்லை, போன தடவை வந்தபோது நாலு. மற்றவர்கள் காமர்ஸ் கிடைக்காமல் வந்திருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் அப்படி வந்தவன்தான். பீஸ் கட்டக் காசு கேட்டபோது எங்கள் அப்பத்தா, "ராசா கதை படிக்கவாடா இம்புட்டுப் பணம்?" என்று கேட்டது. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு ஒரு டிரங்குப் பெட்டிக்குள்தான் அந்தப் பதில் கிடைத்தது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் உங்களுக்குத் தெரிந்ததுதான், அந்த வருணனையைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். வளவில் என்னை உட்கார வைத்து அந்த வீட்டு ஆச்சி ஒரு பெட்டியைத் திறந்தார். பேரேடுகள், கடிதக் கட்டுகள், அடியில் முத்திரை போட்ட பத்திரங்கள். "எங்க ஐயா காலத்துப் பர்மா நிலம் தம்பி. எல்லாம் செல்லாத பத்திரம். படிச்சுப் பாத்து என்னன்னு சொல்லுங்க" என்றார்.

செல்லாத பத்திரம் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது ஏன் செல்லவில்லை? அதைவிட முக்கியம், ஒரு காலத்தில் அது எப்படிச் செல்லுபடியானது? முதல் கேள்வி உங்களை வரலாற்றுக்குள் இழுத்துப் போகும். இரண்டாவது கேள்வி அரசியல் அறிவியலுக்கு.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐரோப்பாவுக்கு அரிசி போகும் வழி குறுகியது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்துக் காட்டை வெட்டி வயலாக்கப் பர்மிய உழவருக்குக் கைமுதல் வேண்டும். வெள்ளைக்கார வங்கி அவருக்குக் கடன் தராது. அந்த இடத்தில்தான் நம்மூர்ச் செட்டியார்களின் வட்டிக்கடை போய் நின்றது. கடைக்கு ஒரு மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், எடுபிடிக்குப் பையன், மூன்று வருடக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவது என்று ஓர் ஒழுங்கு. கடனுக்கு ஈடு, நிலம்.

1930-இல் உலகம் முழுக்க மந்தம் வந்தது. அரிசி விலை பாதிக்கும் கீழே விழுந்தது. உழவரால் வட்டி கட்ட முடியவில்லை, ஈடாக வைத்த நிலம் கடைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் கடைகளின் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938-இல் அது 25 பங்கு. எட்டே வருடம்! இதைக் கேட்டுப் பெருமைப்படுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். வட்டிக்கடைக்காரருக்கு வேண்டியது பணம், வயல் இல்லை. வாங்க ஆளில்லாமல் கையில் தங்கிய நிலம் அது. ஆனால் வரப்பில் நின்ற பர்மியருக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? எங்கிருந்தோ வந்தவர் என் நிலத்தை எடுத்துக்கொண்டார் என்றுதான் அவர் பார்ப்பார்.

1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், நம் ஆட்கள் கப்பல் கிடைத்தவர் கப்பலிலும் கிடைக்காதவர் காட்டு வழியிலுமாக ஓடி வந்தார்கள். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா, நில உடைமையை அரசாக்கச் சட்டம் போட்டது. பத்திரம் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

அந்த ஆச்சிக்கு இது ஐயாவின் சொத்து போன கதை. பர்மாவின் பெகுவில் ஓர் உழவரின் பேரனுக்கு இதுவே தாத்தாவின் நிலம் போய், அரசு தலையிட்ட கதை. பத்திரம் ஒன்றுதான். நம்மூர் மேடைகளில் முதல் கதையை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடுகிறோம், நானும் வாங்கியிருக்கிறேன். பரீட்சைத் தாளில் அப்படி எழுதினால் மட்டும் மார்க் போட மாட்டேன்.

மூன்றாவதாக ஒருவரும் உண்டு. என் தாத்தா பர்மாவில் ஒரு கடைக்குச் சமையலுக்குப் போனவர். நடந்தே திரும்பியவர். அந்தப் பெட்டியிலிருந்த பேரேட்டை ஒரு வாரம் புரட்டினேன். கடன் வாங்கியவர் பெயர் உண்டு, ஊர் உண்டு, கோயிலுக்குக் கொடுத்த மகமை காசு பிசகாமல் உண்டு. சமையல்காரருக்கு மட்டும் பெயர் இல்லை. "சமையல் ஆள் சம்பளம்" என்று ஒரு வரி, பக்கத்தில் தொகை. என் தாத்தா இருந்த கடை அதுவா என்றுகூட எனக்குத் தெரியாது. ஓர் ஆவணத்தில் யார் பெயரோடு வருகிறார், யார் வெறும் செலவாக வருகிறார் என்று பார்க்க எனக்கு அந்த ஒரு வரிதான் கற்றுத்தந்தது. எம்.ஏ. வகுப்பு கற்றுத்தரவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. ஒரு தாளைச் செல்ல வைப்பது எது? பர்மாப் பத்திரத்துக்குப் பின்னால் பதிவு அலுவலகம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, தேவைப்பட்டால் போலீஸும் இருந்தது. அந்த அரசு போனதும் பத்திரம் வெறும் தாள். இதற்கு நேர்மாறான தாள் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே உண்டு. 1801 ஜூன் 16-இல் ஆங்கிலேயரை எதிர்த்துச் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை. திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டினார்கள். அதைச் சுவரிலிருந்து எடுப்பவன் பஞ்சமாபாதகம் செய்தவனாவான் என்று அதில் எழுதியிருந்தது. நீதிமன்றம் இல்லாதவர் பாவத்தைக் காவலுக்கு வைக்கிறார், பாருங்கள்! அதே ஆண்டு அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்டார்கள். கும்பினியை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியை, அந்தத் தாள் அவ்வளவு உறுத்தியது. ஆணை, அதிகாரம், அதை மக்கள் ஏற்பது என்று உங்கள் பாடநூல் வறட்டுத் தமிழில் மூன்று அத்தியாயம் எழுதியிருக்கும். இந்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

பழைய கதையாகவே இருக்கிறதே என்று பின்வரிசையில் யாரோ முனகுகிறீர்கள். சரி, 2024-க்கு வருவோம். காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றியிருந்த சில ஊராட்சிகளும் உள்ளே வந்தன. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் நூறு நாள் வேலைச் சட்டம் 2005-இல் கிராமப்புறக் குடும்பத்துக்கென்று எழுதியது. ஊர் மாநகராட்சிக்குள் போனால் அந்த வேலை அட்டை என்ன ஆகும்? தமிழ்நாட்டில் பல ஊர்களில் "எங்கள் ஊராட்சியைச் சேர்க்காதே" என்று பெண்கள் சாலையில் உட்கார்ந்ததற்கு வீட்டு வரியோடு இதுவும் காரணம். அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிக்கு, 74-ஆவது திருத்தம் நகராட்சிக்கு என்று மனப்பாடம் செய்வீர்களே, இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மாவின் அட்டை கிடக்கிறது. உங்களில் சிலர் வீட்டிலேயே அந்த அட்டை இருக்கும். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். செமினாருக்கு அதைவிட நல்ல தலைப்பு வேண்டாம்.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். குரூப் தேர்வு எழுதலாம், சட்டம் படிக்கலாம், ஆசிரியர் ஆகலாம், பத்திரிகைக்குப் போகலாம். இதை உங்கள் துறைத்தலைவர் என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் சொல்ல வந்தது வேறு, கொஞ்சம் அற்பமானது. தமிழ் எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ௧, ௨, ௩ மட்டும் போதாது. கால், அரைக்கால், மாகாணி, வீசம் என்ற பின்னக் குறிகள் எல்லாம் வேண்டும். ஒரு மாத உழைப்புதான். இந்தச் சீமையில் பெட்டி பெட்டியாகக் கணக்கு இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீடு இடிக்கும்போது தேக்கு ஒரு விலைக்குப் போகிறது, தாள் எடைக்குப் போகிறது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அது இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. கோட்டையூர்த் திண்ணையின் அருமை சிகாகோவுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த ஆச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை காலை, பத்துப் பேர் வரலாம். தாளைத் தொடுமுன் கையைக் கழுவித் துடைத்துவிடுங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டு வாருங்கள். பேனா கூடாது, மை சிந்தினால் ஆச்சி என்னைத்தான் திட்டும்.