காவல் தவறியதைக் கேட்கும் உரிமை
(கிளிநொச்சி மாவட்டச் சனசமூக நிலையமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தலைமை தாங்கும் நிலையத் தலைவர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, பல அலுவல்களுக்கிடையிலும் வருகை தந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, தாய்மாரே, பெரியோர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சட்டம், ஊடகம், வாசிப்பு ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க முடியாது என்பார்கள். பாதிக்கப்பட்டோர் அடிப்படை உரிமை மனுக்களோடு உயர் நீதிமன்றம் சென்றதால்தான், 2023 ஜனவரி 12இல், எச்சரிக்கை இருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பு வந்தது.

அதற்கு முன் நடந்ததை நம் மண் மறக்கலாகாது. 2018 நவம்பர் 30இல் மட்டக்களப்பு வவுணதீவில் இரு பொலிஸார் கொல்லப்பட்டபோது, பழி முன்னாள் போராளிகள் மீது விழுந்து, ஒருவர் கைதானார். எங்கள் பக்கத்து வீடுகளுக்கும் விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். மகன் எங்கே, யாரோடு பேசுகிறான், தொலைபேசி இலக்கம் என்ன என்று ஒரு தாயை அவர்கள் முற்றத்தில் நிறுத்திக் கேட்டுக்கொண்டே போக, எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன அந்த அம்மா, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பியவை, நீங்கள் சுட்டவனைத் தேடுறியளோ, சுடத் தெரிஞ்சவனைத் தேடுறியளோ?" வந்தவர்கள் பேசாமல் கொப்பியை மூடினார்கள். உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னரே அக்கொலை, அத்தாக்குதலை நடத்திய சஹ்ரான் குழுவின் வேலையென வெளிப்பட்டு, கைதானவர் விடுவிக்கப்பட்டார். அந்த அம்மாவின் கேள்வியைப் பத்திரிகைகளும் பாராளுமன்றமும் அந்த ஐந்து மாதங்களில் உரத்துக் கேட்டிருந்தால், உண்மையான தடயத்தை நோக்கி விசாரணை திரும்பியிருக்கக்கூடும். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் தலைக்கு மேல் நிற்கையில் யார் துணிந்து கேட்பார்? அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் பேச்சுரிமை, காவலின் பிழையைக் கேட்கவும் உரிய உரிமையே.

ஆகவே என் நெடுநாள் கோரிக்கைக்கு வருகிறேன். உயர் நீதிமன்றத் தீர்ப்பும், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கையும் வன்னியின் ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் தமிழில், அச்சில், மேசைமேல் இருக்க வேண்டும். வாசித்த ஊரிடம் முழுப் பூசணிக்காயை மறைக்க எவராலும் இயலாது. அதற்கான மனு வாசலில் இருக்கிறது. பிரதேச செயலாளர் அவர்களிடம் இன்றே கையளிக்க, எல்லோரும் ஒப்பமிட்டுச் செல்லுங்கள்.