பேச்சு இடைவேளை அல்ல

(கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்த் தாலுக்காவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை நடந்த நாடக, இசை, சொற்பொழிவு நிகழ்ச்சிகளின் தொடக்க உரை. பேசியதைச் சற்றே திருத்தி எழுதியது.)

பெரியவர்களே, தாய்மார்களே, நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றுகொண்டே கேட்பது என்று முடிவு செய்திருக்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

விழா நோட்டீஸைப் பார்த்தேன். இன்று இரவு வாய்ப்பாட்டுக் கச்சேரி, நாளை இரவு வள்ளி திருமணம் நாடகம், ஞாயிறு இரவு தோல்பாவைக்கூத்து. மூன்றும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. சொற்பொழிவுகள் அடியில், பந்தல்காரர் பெயருக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு தேட வேண்டிய அளவில் இருக்கின்றன. அரிதாரம் பூசி முடிக்கும்வரை, பக்கவாத்தியக்காரர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை, யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்ற ஏற்பாடு. விழாக் குழுவினர் மீது எனக்கு வருத்தம் இல்லை. எல்லா ஊரிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் இந்த எல்லைப் பக்கத்து ஊர்களில் அது எடுபடாது. பேச்சை எடுத்துவிட்டால் இங்கே ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

ஞாயிறு இரவு வரப்போகிற கூத்தையே எடுத்துக்கொள்வோம். பாலக்காடு, திருச்சூர், மலப்புரம் மாவட்டங்களின் பகவதி கோயில்களில் காலங்காலமாக நடப்பது. கோயிலுக்கு எதிரே கூத்துமாடம் என்று நிலையான ஒரு கட்டடம் இருக்கும். 42 அடி நீளம். மேலே வெள்ளைத் திரை, கீழே கறுப்புத் துணி. திரைக்குப் பின்னால் 21 தேங்காய் மூடிகளை வரிசையாக வைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டிருப்பார்கள். மான் தோலில் செதுக்கிய இராமனும் இராவணனும் அந்த வெளிச்சத்தில் நிழலாக வருவார்கள். கதை கம்பனுடையது, பாட்டும் கம்பனுடையது. மலையாள நாட்டுக் கோயிலில், பகவதியின் சந்நிதிக்கு நேராக, இரவு முழுவதும் தமிழ் விருத்தம் ஒலிக்கிறது. தாரிகன் என்ற அசுரனோடு போர் செய்து கொண்டிருந்ததால் பத்திரகாளியால் இராம இராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டதாம். அதனால் ஆண்டுதோறும் அவளுக்கு அதை நடத்திக் காட்டுகிறார்கள். சில கோயில்களில் ஏழு இரவு, சிலவற்றில் இருபத்தொன்று, சிலவற்றில் இன்னும் மேலே.

பொம்மலாட்டம் பார்க்கிற நினைப்பில் போனவர் அரைமணி நேரத்தில் கொட்டாவி விடுவார். பாவைகள் நீண்ட நேரம் அசையாமலே நிற்கும். கூத்து நடத்துபவர்களைப் புலவர் என்பார்கள். ஒரு புலவர் பாட்டைச் சொல்லுவார். பிறகு உரை தொடங்கும். இந்திரசித்து ஓர் அம்பை எடுத்தால், அந்த அம்பு யார் கொடுத்தது, கொடுத்தவர் யாரிடம் பெற்றார், அதற்கு என்ன கிளைக்கதை என்று போகும். இலக்கணம் வரும், சோதிடம் வரும், வைத்தியம் வரும். பக்கத்துப் புலவர் கேள்வி கேட்பார், மறுப்பார், பிறகு ஒப்புக்கொள்வார். தமிழில் தொடங்கும் வாக்கியம் மலையாளத்தில் போய் வடமொழிச் சுலோகத்தில் முடியும். உள்ளபடி பார்த்தால் அது விடிய விடிய நடக்கும் சொற்பொழிவு. பாவைகள் துணைக்கு நிற்கின்றன.

பல கோயில்களில் இந்தக் கூத்துத் திரைக்கு எதிரே நள்ளிரவில் ஓர் ஆள்கூட இருப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வருபவர்கள் இதைப் பார்த்து உருகிப்போகிறார்கள். ஆளே இல்லாவிட்டாலும் தெய்வத்துக்காகப் பாடுகிறார்களே என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த உருக்கம் வருவதில்லை. பகவதி இருக்கிற இடத்தில்தான் இருக்கிறாள். எழுந்து போனது நாம்தான். மலையாளம் பேசுகிறவர்கள் அது பழந்தமிழ், நமக்கு எட்டாது என்று விட்டார்கள். தமிழ் பேசுகிற நாம் அது மலையாளத்துக்காரர்கள் கோயில் சடங்கு, நமக்கென்ன என்று விட்டோம். கம்பனைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைகள் இருக்கும் ஊரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் கம்பன் வெறும் திடலைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தான்.

கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் போன்றவர்கள் இந்தக் கூத்தைக் கோயில் மதிலுக்கு வெளியே கொண்டுவந்து, பள்ளிகளிலும் அரங்குகளிலும் ஆடும்படி சுருக்கினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நமக்குக் கூத்தே இல்லை. ஆனால் பல இரவுக் கூத்து ஒரு மணி நேரமாகும்போது எது போகும்? போர் நிற்கும், அனுமன் தாவுவது நிற்கும், பேச்சுத்தான் போகும். அந்தப் பேச்சைத்தான் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இதே பந்தலில் தனியாக வைக்கச் சொல்லிக் கேட்டேன். கூத்தில் வரப்போகும் பாடல்களில் நான்கைந்தை எடுத்து, சொல் பிரித்து, பொருள் சொல்வதாக ஒரு தமிழாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு இரவு திரைக்கு முன் உட்கார்ந்து பாருங்கள், நிழல் வேறாகத் தெரியும்.

பாவைக்கூத்து மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். பாலக்காட்டுப் பொறாட்டு நாடகத்தைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். குறவன் வருவான், குறத்தி வருவாள், துணி வெளுக்கும் மண்ணானும் மண்ணாத்தியும் வருவார்கள். வந்தவர் பாட்டுக்கு ஆடிவிட்டுப் போக முடியாது. கேள்வி கேட்கவே ஓர் ஆள் மேடையில் நிற்பான். எந்த ஊர், என்ன தொழில், எதற்காக வந்தாய், புருஷனோடு என்ன சண்டை என்று குடைந்தெடுப்பான். பதில் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் வரும், பாட்டும் அப்படியே. இரண்டு மொழியும் தெரிந்த கூட்டம் இருந்தால்தான் அந்தச் சிரிப்பு முழுதாக விழும். அப்படிப்பட்ட கூட்டம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? சித்தூர்த் தாலுக்காவில் இருக்கிறது.

சரித்திரமும் நம்மை அப்படித்தான் வைத்தது. 1956 நவம்பருக்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. நம் சித்தூர்ப் பக்கமோ கொச்சி ராஜ்யம், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி. சந்தைக்குப் போன நம் தாத்தாக்கள் காலையில் ஒரு ராஜ்யம், மதியம் இன்னொன்று என்று நடந்து வந்தவர்கள். சித்தூர் பகவதி கோயிலின் கொங்கன்படையை நினைத்துப் பாருங்கள். கொங்கு நாட்டுப் படை தோற்றோடியதைக் கொண்டாடும் விழா. நம்மில் பாதிப் பேர் கொங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். நம் ஆட்கள் ஆண்டுதோறும் தோற்பதைக் குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்த்து, பொரி வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். இவ்வளவு பெருந்தன்மையான பார்வையாளர்கள் வேறு எந்த நாடகத்துக்கும் கிடைக்க மாட்டார்கள்.

நாளை இரவு வருவது ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த வள்ளி திருமணம். இளையவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நாடகத்தில் நடிப்பவர்கள் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், பபூன் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். பாட்டும் கதையும் எல்லோருக்கும் பாடம். நடுவில் வரும் தர்க்கம் அன்றன்றைக்குப் பிறப்பது. வள்ளி ஒரு கேள்வி போட்டால் நாரதர் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வராவிட்டால் கூட்டமே ஓட்டிவிடும். ஆர்மோனியக்காரர் வாசிப்பதோடு நிற்கமாட்டார். இருந்த இடத்திலிருந்தே பபூனை வம்புக்கு இழுப்பார். ஆகவே, தர்க்கம் நீளுகிறது, பாட்டைப் போடச் சொல் என்று யாரும் சீட்டு எழுதி அனுப்பாதீர்கள். தர்க்கம்தான் நாடகம்.

கச்சேரிக்குப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரும் (1912–1981) பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரும் (1896–1974) பிறந்த மண்டலம் இது. பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழாவின்போது நடக்கும் கச்சேரிகளில், எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கை தாளம் தப்பாமல் தொடையில் விழுவதைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கேள்வி ஞானம் அக்கிரகாரத்துத் திண்ணைகளில் வளர்ந்தது. கடலையும் கரும்பும் பயிரிட்ட நம் வீடுகளுக்கு அது வந்து சேரவில்லை, யாரும் கொண்டுவந்து கொடுக்கவும் இல்லை. அதை இன்றைக்கு மூடி மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் கச்சேரிக்கு முன்னால் அரைமணி நேரம், மிருதங்கம் வாசிக்கப்போகிறவரே பேசுவார். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் அந்தக் கறுப்பு வட்டம் எதற்கு, இடப்பக்கமான தொப்பியில் ஏன் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறார்கள், மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், அதை முடித்துவைக்கும் தாளக் கோர்வை எங்கே முடியப்போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் வாசித்துக் காட்டிச் சொல்வார். தனி தொடங்கியதும் டீ குடிக்க எழுந்து போவது நம் நாட்டில் ஒரு நோய். கோர்வை எங்கே இறங்கும் என்று எதிர்பார்க்கத் தெரிந்தவன் எழுந்து போகமாட்டான்.

மணி ஐயர் ஒலிபெருக்கி இல்லாத கச்சேரியையே விரும்பியவர். சவுண்ட் சர்வீஸ் தம்பியிடம் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் ஒலிபெருக்கியை எடுக்க மாட்டார், வாடகை போய்விடும். ஆனால் எதிர்வீட்டு ஜன்னல் அதிராத அளவுக்கு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பேச்சையும் கலையையும் சேர்த்து நடத்துவதில் மலையாளத்து நண்பர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். 1945-இல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலகச் சங்கத்துக்குப் பின், ஊருக்கு ஊர் வாசகசாலையும் அதற்கு ஒரு மேடையும் வந்தன. 1962-இல் பிறந்த சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம், 1980 முதல் கலாஜாதா, அதாவது கலைப் பயணம் என்று வீதிநாடகத்தையும் பாட்டையும் கையில் எடுத்துக்கொண்டு அறிவியல் பேசப் புறப்பட்டது. நாடகம் முடிந்த அதே முச்சந்தியில் பேச்சும் நடக்கும், கேள்வியும் வரும். நாமோ பட்டிமன்றம் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு மாமியாரா மருமகளா என்று முப்பது வருடமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிறு காலை நிலத்தடி நீரைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது. வடகரப்பதியிலும் எருத்தேம்பதியிலும் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. பேசுபவர் மலையாளத்தில் பேசுவார். மொழிபெயர்ப்பாளர் வைக்கலாமா என்று குழுவில் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். பொறாட்டில் இரண்டு மொழியிலும் சிரிக்கத் தெரிந்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி மட்டும் புரியாமல் போகாது. கேள்வியைத் தமிழிலேயே கேளுங்கள். அவருக்கும் புரியும்.

நடைமுறையில் சில வேண்டுகோள்கள். பொன்னாடை போர்த்துவதை இன்றோடு நிறுத்திக்கொள்வோம். என் தோளில் போட்டது கடைசியாக இருக்கட்டும். அந்தப் பணத்தைக் கூத்துக் கலைஞர்களின் சம்பளத்தில் சேர்த்து, அவர்கள் வண்டி ஏறும் முன் கையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பது கூடாது. பேச்சாளர்கள் சொன்ன நேரத்துக்கு முடிக்க வேண்டும். தலைவர் மணி அடித்தால் உட்கார வேண்டும், நான் உட்பட.

கடைசி பஸ் போய்விடுமே என்று கவலைப்படுபவர்களுக்காக, மூன்று இரவும் நிகழ்ச்சி முடிந்ததும் கோபாலபுரம் வரை ஒரு வேன், வேலந்தாவளம் வரை ஒரு வேன் ஏற்பாடாகியிருக்கிறது. கட்டணம் இல்லை. டிரைவர்களுக்குச் சாப்பாடு போட்டாகிவிட்டது. நாடகம் எத்தனை மணிக்கு முடிந்தாலும் காத்திருப்பார்கள். வேனில் இடம் வேண்டுபவர்கள் வாசலில் இருக்கும் அம்மாவிடம் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.