ஐயா வரவு வைத்த 25 காசு

(காரைக்குடிப் பக்கம் ஓர் ஊரில், 96 வயதில் மறைந்த கணக்குப்பிள்ளை ஒருவரின் முதலாண்டு நினைவுக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து மூன்று காதுகுத்துக்குப் போய்விட்டு நம் கூட்டத்துக்கும் நேரம் ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் அவர்களே, கோவில் காரியக்காரர் ஐயா அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் ஐயாவின் மக்களே, பேரன் பேத்திகளே, முன்வரிசை ஆச்சிமார்களே, யாரும் வணக்கம் சொல்லாத மைக் செட் தம்பியே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் என் வயதைப் பார்த்து மன்னிக்க வேண்டும்.

இப்போது எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். ஐயா இருந்திருந்தால் முதலில் இது என்ன விலை என்று கேட்டிருப்பார். அப்புறம், யார் பற்றில், அதாவது யார் செலவுக் கணக்கில் எழுதினீர்கள் என்று கேட்டிருப்பார். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது அவர் வாய் ஓயாத சொல். நானும் இன்றைக்கு அதை நாலைந்து முறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயம் பேசுவதாகச் சீட்டில் எழுதி வந்திருக்கிறேன். ஐயாவின் உழைப்பு, குடும்பம், அவர் ஆளாக்கிய பிள்ளைகள்.

உழைப்பு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, 18 வயதில், நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி மலேயாவின் பினாங்கு போய், அங்கிருந்து ஈப்போ. செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் வேலை. இளையவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். கடையில் பெட்டியடிப் பையன், அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். கிட்டங்கியில், அதாவது பல கடைகள் சேர்ந்திருக்கும் நீளக் கூடத்தில், ஆளுக்கு ஒரு கைப்பெட்டி. அதை வைத்திருக்கும் இடந்தான் கடை, பகல் முடிந்தால் அதுவே படுக்கை. சம்பளச் சீட்டு மூன்று வருஷத்துக்கு. அது முடிந்தால்தான் ஊர்ப்பக்கம் தலைகாட்டலாம். ஐயா முதல் முறை திரும்பியபோது அவர் மூத்த மகளுக்கு இரண்டரை வயது. ‘யாரு ஆத்தா இவுக?’ என்று கேட்டதாம் குழந்தை. அந்த ஆச்சி இதோ முன்வரிசையில் சிரிக்கிறார்கள். குடும்பத்தைப் பற்றி அவர்களே பேசுவார்கள், நான் எதற்கு?

நான் அவரிடம் சேர்ந்தது 1972ல். மலேயாவை விட்டுவிட்டு வந்து, காரைக்குடியில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் பதினைந்து வயதுக் கடைப்பையன். ஒருநாள் இரவு கடை கட்டும் நேரம், கல்லாவில் நாலணா குறைகிறது. 25 காசு! ஐயா மறுபடி எண்ணினார். மறுபடியும் குறைகிறது. எனக்கோ பசி. தேவகோட்டைக் கடைசி பஸ் போய்விடும் என்ற பயம் வேறு. அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்ப வாசலுக்குப் போனார் பாருங்கள், அந்த நேரத்தில் என் சட்டைப்பையிலிருந்த நாலணாவைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். வந்து எண்ணினார். சரியாக இருந்தது.

மனிதர் சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? முகம் கறுத்துவிட்டது. “தம்பி, இது எப்படி வந்துச்சு?” என்றார். நான் விழித்தேன். “பெட்டி குட்டி போடாதப்பா” என்றார். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன். அடிக்கவில்லை. குறிப்பேட்டை முதல் வரியிலிருந்து திரும்பப் பார்த்தார். பஸ் போயிற்று. மணி ஒன்று. திடீரென்று தன் மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டணத்தைப் பார்த்தார். மத்தியானம் கல்லாவில் எடுத்து வெற்றிலை வாங்கிவிட்டு எழுத மறந்தது அவரேதான்!

தன் பற்றில் 25 காசு எழுதினார். சரி, என் நாலணா? கேட்டேன். “பெட்டிக்குள்ள விழுந்தா அது வரவு, தம்பி. பேர் போட்டு எழுதாம வெளியே வராது” என்று சொல்லி, வயணத்தோடு எழுதினார்: ‘கடைப்பையன் பயத்தில் போட்டது 25 காசு.’ எழுதினாரே தவிரத் திருப்பித் தரவில்லை! வருஷா வருஷம் கணக்கு முடிக்கும் ஐந்தொகையில் அந்த 25 காசு ஏறிக்கொண்டே வந்தது.

12 வருஷம் கழித்து, 1984ல் என் கல்யாணம். ஐயா 101 ரூபாய் மொய் எழுதினார். பிறகு தனியாக ஒரு காகிதப் பொட்டணம் கொடுத்தார். உள்ளே 61 காசு. நூற்றுக்கு மாதம் ஒன்று வட்டி, 144 மாதத்துக்கு 36 காசு, அசல் 25. ஐம்பது காசு ஒன்று, பத்துக்காசு ஒன்று, ஒரு காசு ஒன்று. அந்த ஒரு காசை எந்த உண்டியலில் தேடினாரோ! ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றவர், கல்யாண வீட்டிலும் அளந்துதான் போட்டார்.

கை தட்டியது போதும். இனிமேல் சொல்வதுதான் நான் இங்கே வந்த காரியம்.

ஐயா இறந்த பிறகு பேரேட்டில், அந்தக் கணக்குப் புத்தகத்தில், அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டேன். பழைய முதலாளியின் மகனிடம் போனேன். “அந்தப் பேரேடெல்லாம் எடைக்குப் போட்டாச்சு அண்ணே” என்றார். பேரேட்டையும் அளந்துதான் போட்டிருக்கிறார்கள், தராசில்.

நம் வீடுகளை இடித்தால் தேக்குத் தூணும் நிலையும் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகின்றன. யாரோ வாங்கி, எங்கேயோ நிறுத்திவைக்கிறார்கள். வளவுக்குள்ளே இரட்டை அறையில் கிடக்கும் பேரேடும் ரங்கூன் கடிதமும் கூழாகிவிடும். பர்மாவிலும் நம்மவர்கள் வட்டிக்கடை வைத்து விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938ல் 25 பங்கு ஆனது. வெள்ளைக்காரன் ஆவணத்தில் இருக்கிற கணக்கு இது. நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்ததா, நாம் பிடுங்கினோமா என்று இன்றைக்கும் வழக்காடுகிறார்கள். இரண்டுக்கும் சாட்சி நம் பேரேடுகளில் இருக்கும். நமக்குப் பெருமையானது மட்டுந்தான் இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கட்டுமே! தன் வெற்றிலையைத் தன் பற்றில் எழுதியவரின் ஊர் இது.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். தனி மனிதராகப் புத்தகமும் துண்டுப் பிரசுரமும் கல்யாணப் பத்திரிகையுமாகச் சேர்த்தார். 1992ல் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994ல் சென்னையில் அவர் பெயரில் நூலகம் அமைந்தது. அமெரிக்காக்காரன் வந்து விலை சொல்லும்வரை நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

நான் கேட்பது பெரிதில்லை. பூட்டிக் கிடக்கிற நம் ஊர்ப் பொதுக்கட்டடத்தில் ஓர் அறை, கரையான் ஏறாத இரும்பு அலமாரி நான்கு. ஊராட்சித் தலைவர் தலையாட்டுகிறார்; அதைச் செயலாளர் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் காலக் கணக்கில் ஒவ்வொரு கடையும் மகமை என்று தனிப்பேர் போட்டுத் தர்மத்துக்கு எடுத்துவைத்தது. அலமாரிக்கு அப்படி யாராவது பேர் போடுங்கள். இந்தப் பொன்னாடையின் விலையை என் பற்றில் முதலில் எழுதுங்கள்.

மூன்றாவது விஷயம் சீட்டில் அப்படியே இருக்கிறது. தலைவர் மணி அடித்துவிட்டார். வாசலில் என் மருமகன் ஒரு நோட்டோடு நிற்கிறான். யார் வீட்டுப் பரணில் எத்தனை பேரேடு என்று சொல்லிவிட்டு, அப்புறம் சாப்பிடப் போங்கள். இலை போட்டாயிற்று.